செவலைக்கு வாங்கின மல்லிப்பூ

நாய் போட்ட நஞ்சுக்கொடியை வைக்கோல்ல சுத்தி, சாக்குத்துணியில கட்டி, ஆலமரத்துல கொண்டுபோய்த் தொங்கவிட்ட ஆளு உலகத்துலயே எங்க வூட்டுக்காரரு ஒருத்தராத்தான் இருப்பாரு. மாடு கன்னு போட்டா அப்படித்தான் செய்வாங்க. மாடு தன் கொடியைத் தானே தின்னுட்டா பால் வத்திடும், பால் வடியிற மரத்துல கொண்டுபோய்க் கட்டுனா மடி நெறையும், இதெல்லாம் எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. ஆனா நாய்க்கு யாராச்சும் செய்வாங்களா? இந்த மனுசன் செஞ்சாரு. செவலை ஒவ்வொரு குட்டியாப் போடப் போட, கொடியில அது வாயை வைக்கிறதுக்குள்ள இவரு எடுத்துக்கிட்டாரு. அது ஏறெடுத்து ஒரு பார்வை பாத்துச்சே தவிர கடிக்கல. வேற எவனாச்சும் கைய நீட்டியிருந்தா வெரல் மிஞ்சியிருக்காது.

"ஏங்க, நாயும் மாடும் ஒண்ணாங்க?"ன்னு கேட்டேன்.

"பெத்தவ எல்லாம் ஒண்ணுதான். நீ சும்மா இரு"ன்னாரு.

அவரு சொன்னதுக்குக் காரணம் உண்டு. எங்களுக்கு எங்க மவ மஞ்சுக்கு முன்னாடி ஒரு பையன் பொறந்தான். மூணாம் நாள் மூச்சு வாங்குதுன்னு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப, வழியிலயே போயிட்டான். அதுலேர்ந்து எது குட்டி போட்டாலும், கன்னு போட்டாலும் அந்த மனுசன் பக்கத்துலயே குந்திக்கிட்டு இருப்பாரு. கோழி அடைக்கு ஒக்காந்தாக்கூட எட்டி எட்டிப் பாப்பாரு. தெருவே கேலி பேசும், அவரு காதுல வாங்க மாட்டாரு.

என் பேரு இருசம்மா. அவரு பேரு இளையபெருமாள். கீழப்பழுவூர்லேர்ந்து திருமானூர் போற ரோட்டுல எறங்கி உள்ள நடந்தா எங்க ஊரு. மூணு கறவை மாடு, அதுதான் எங்க பொழப்பு. பால் சொசைட்டிக்கு ஊத்துனது போக தெருவுல சில வூட்டுக்கும் பால் குடுப்போம். அரியலூரைத் தனி மாவட்டமா ஆக்கி, மறுபடியும் பெரம்பலூரோடயே சேத்துவிட்டாங்க பாருங்க, அதுக்கு அடுத்த பங்குனியில நடந்தது இது. மழை ஏமாத்துன வருசம். மாட்டுக்கு வைக்கோல் கெடைக்காம நாயா அலைஞ்சுக்கிட்டிருந்த நேரத்துல, நெசமான நாய் ஆறு குட்டியைப் போட்டு வச்சுச்சு.

செவலைன்னு மாட்டுக்குத்தான் பேரு வைப்பாங்க. அதுவும் இவரு வச்ச பேருதான். பால் கேனைக் கட்டிக்கிட்டு சைக்கிள்ல வர்றப்ப பின்னாலயே ஓடியாந்த குட்டி, அப்படியே எங்க மாட்டுக் கொட்டகையில தங்கிடுச்சு. குட்டி போட்டதும் அதுக்கு மூலையில வைக்கோல் பரப்பி, காத்து வராம சாக்கைத் தொங்கவிட்டு, பிள்ளை பெத்தவளுக்குப் பச்சத்தண்ணி ஆவாதுன்னு வெந்நிய ஆத்தி ஆத்தி வச்சாரு. நான் பிள்ளை பெத்தப்ப எங்க அம்மா வூட்டுல எனக்குக்கூட இவ்வளவு நடக்கல. மஞ்சு பள்ளிக்கூடம் விட்டு வந்தா பையைக் கடாசிட்டு நேரா கொட்டகைதான். குட்டிங்கள மடியில போட்டுக்கிட்டு, மூஞ்சியோட மூஞ்சி வச்சுக்கிட்டுக் கெடப்பா.

எல்லாம் சரி, திங்கிறதுக்கு என்ன போட்டோம்? அங்கதான் வம்பு. மாரியம்மனுக்குக் காப்பு கட்டியிருந்தாங்க. காப்பு கட்டிட்டா ஊர்ல ஒரு வூட்டுலயும் மீன் கிடையாது, கறி கிடையாது, முட்டைகூட ஒடைக்க மாட்டாங்க. தெருவுல ஒரு எலும்புத்துண்டு கெடக்காது. ஊரோட சேந்து எங்க நாயும் வெரதம் இருந்துச்சு. கஞ்சியும் ரசஞ்சோறும்தான். ஆறு குட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உறிஞ்சுதுங்க. குட்டிங்க ஒவ்வொண்ணும் உருண்டைக் கொழுக்கட்டை மாதிரி ஆயிடுச்சுங்க, தாய்க்கு இடுப்பெலும்பு தூக்கிக்கிச்சு. "கொஞ்சம் பாலாவது ஊத்துங்களேன்"னு சொல்லுவேன். ஊத்துவாரு, சொசைட்டிக்கு அளந்தது போக கேன்ல ஒட்டிக்கிட்டிருக்கிறதைக் கழுவி ஊத்துவாரு.

இன்னொண்ணும் சொல்லிடணும். அதுக்கு முந்துன மாசம் கீழத்தெருவுல ஒரு பசுவை வெறிநாய் கடிச்சிருந்தது யாருக்கும் தெரியல. மாடு கத்திக் கத்தி, செவுத்துல முட்டி முட்டிச் செத்துப்போச்சு. அந்த மாட்டுப் பாலைக் குடிச்சவங்க எல்லாம், கைப்புள்ளைலேர்ந்து கெழவங்க வரைக்கும், அரியலூருக்குப் பஸ் ஏறிப் போயி ஊசி போட்டுக்கிட்டு வந்தாங்க. பால் சொசைட்டி செயலாளர் கண்ணையண்ணன்கூட ஒரு வாய் டீ குடிச்சதுக்காக ஊசி போட்டுக்கிட்டாரு. அதுலேர்ந்து ஊர்ல எந்த நாய் நாக்கைத் தொங்கப்போட்டாலும் ஆளுக்கொரு கட்டையத் தூக்குனாங்க. பயம் யாரைத்தான் விட்டுச்சு, எனக்குந்தான் பயம்.

அன்னிக்குக் காலையில இவரு சொசைட்டிக்குப் போயிட்டாரு. மஞ்சு பள்ளிக்கூடம் போயிட்டா. நான் கடைசி மாட்டைக் கறந்துகிட்டிருந்தேன். பின்னால தகரத்தை யாரோ தட்டுற மாதிரி படபடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா செவலை நிக்குது. நாலு காலையும் கட்டை மாதிரி வெறப்பா ஊனிக்கிட்டு நிக்குது. ஒடம்பு நடுங்குற நடுக்கத்துல வாலு தகரத்துல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வாயிலேர்ந்து எச்சி கயிறு கயிறா எறங்குது. மூச்சு எரைக்குது. குட்டிங்க காலடியில கெடந்து கத்துதுங்க, அதுங்களை மிதிச்சுக்கிட்டே நடக்குது. பெத்த தாயி தன் குட்டியையே மிதிக்குது. கையிலிருந்த செம்பு எப்ப விழுந்துச்சுன்னு தெரியல, பால் பூரா தரையில ஓடிச்சு.

"செவலை"ன்னேன். கழுத்தைத் திருப்பிப் பாத்துச்சு. அந்தப் பார்வை இன்னிக்கும் எனக்கு மறக்கல. அதுக்கு என்னைத் தெரியுது, ஆனா அதோட ஒடம்பு அது சொன்ன பேச்சைக் கேக்கல. அப்படியே பக்கவாட்டுல சாஞ்சு விழுந்து, காலை ஒதைச்சுக்கிச்சு.

பால் வாங்க வந்த பக்கத்து வூட்டு வீரம்மாக்கா வாசல்ல நின்னு இதைப் பாத்துட்டாங்க. அக்கா எனக்கு ஒரு காலத்துல தாயி மாதிரி இருந்தவங்க, கெட்ட மனசு கிடையாது. ஆனா பயம் வந்தா மனுசருக்கு என்ன செய்யிறோம்னு தெரியாதுல்ல. "இருசு, வெளிய வாடி, வெறி புடிச்சிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே ஓடுனாங்க. நான் குட்டிங்களை வாரி மாட்டுச்சாணிக் கூடையில போட்டு, வெளிய வேப்பமரத்தடியில வச்சேன். தாய் காலுல மிதிபட்டுச் சாவக்கூடாதேன்னு வச்சேன். அதுக்குள்ள தெருவே கூடிருச்சு. எல்லார் கையிலயும் கட்டை.

இவரும் வந்துட்டாரு. சைக்கிளைச் சாத்தக்கூட இல்ல, கையில புடிச்சபடியே நின்னு கொட்டகைக்குள்ள எட்டிப் பாத்தாரு. மொகம் சாம்பலாப் போச்சு. என்கிட்ட கேட்ட மொத வார்த்தை, "மஞ்சு எங்க?"ங்கிறதுதான்.

"பள்ளிக்கூடத்துல."

"நேத்து குட்டியை மூஞ்சில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தாளே இருசு"ன்னாரு.

கண்ணையண்ணன் முன்னால வந்தாரு. "இளையபெருமாளு, தப்பா நெனச்சுக்காத. சாயந்தரம் ஒம் பாலைச் சொசைட்டியில வாங்க முடியாது. காலையில ஊத்துனதையே தனியா எடுத்து வச்சிருக்கேன். நாயி மாட்டோட ஒரே கொட்டகையில கெடந்திருக்கு, மடியை நக்கியிருக்கும், கேனை நக்கியிருக்கும். மொதல்ல நாயை முடிச்சுடுவோம். மத்தது அப்பறம் பாத்துக்கலாம்"னாரு.

இவரு தலையை ஆட்டுனாரு. அந்தத் தலையாட்டல் இருக்கு பாருங்க, அதைப் பாத்ததும் எனக்குக் கோவம் உச்சி மண்டை வரைக்கும் ஏறிடுச்சு. கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைப் போட்டேன். சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன்.

"அடிச்சுக் கொன்னுட்டு அப்பறம் என்ன சொல்வீங்க? செத்த நாய்க்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டேதான் இருப்பாங்க. ஆயுசுக்கும் எங்க பாலை ஒருத்தனும் தொடமாட்டான். அது உசுரோட இருந்தாத்தான் டாக்டர் பாத்து உண்டு இல்லன்னு சொல்ல முடியும். நான் போயி கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் இந்தக் கதவுல எவன் கை பட்டாலும் அவன் வூட்டு வாசல்ல வந்து நின்னு நாறடிச்சுடுவேன், சொல்லிட்டேன்"னேன்.

என் வாய்க்கு ஊரு கொஞ்சம் பயப்படும். கண்ணையண்ணன், "சரிம்மா, போயிட்டு வா. நாயி உள்ளதான இருக்கு"ன்னாரு. நான் இவரைப் பாத்தேன். "கதவுகிட்டயே நில்லுங்க. எங்கயும் போவாதீங்க"ன்னு சொல்லிட்டு ரோட்டுக்கு ஓடுனேன். அரியலூர் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். கீழப்பழுவூர்ல எறங்கி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளங்கை பூரா பால் காஞ்சு பிசுபிசுன்னு ஒட்டுச்சு.

மாட்டாஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருந்தாங்க, ஜெயசித்ரான்னு பேரு. சின்ன வயசு. ஏற்கனவே ஒரு தடவை எங்க மாட்டுக்கு வந்திருக்காங்க. நான் மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னதை நிதானமாக் கேட்டாங்க. குட்டி எத்தனைன்னு கேட்டாங்க. போட்டு எத்தனை வாரம்னு கேட்டாங்க. வெளிய சுத்துற நாயா, வேற நாய் ஏதாச்சும் கடிச்சுதான்னு கேட்டாங்க. கொட்டகையை விட்டுப் போனதே இல்லன்னேன். என்ன சாப்பாடு போடுறீங்கன்னாங்க. காப்பு கட்டியிருக்குங்க, கஞ்சிதான்னு சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த பேனாவை மூடிட்டாங்க.

"எனக்கு என்னமோ இது வெறி மாதிரி தெரியலம்மா. பால் காய்ச்சலா இருக்கும். மாட்டுக்கு வருமே, அதேதான். பால் வழியா ஒடம்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்து பூரா போயிடுது"ன்னாங்க.

எனக்கு நம்பிக்கை வரல. "நான் மாட்டுல எத்தனையோ பாத்திருக்கேங்க. மாடு சில்லுன்னு ஆயிடும். காதைத் தொட்டா ஐஸு மாதிரி இருக்கும். கழுத்தை மடக்கிப் போட்டுக்கிட்டு அசையாம கெடக்கும். இது கொதிக்குதுங்க. ஆடுதுங்க. எச்சி ஊத்துது"ன்னேன்.

"மாட்டுக்கு அப்படி, நாய்க்கு இப்படி. அதனாலதான் நெறைய எடத்துல வெறின்னு நெனச்சு அடிச்சுக் கொன்னுடறாங்க. ஊசி போட்டாத்தான் நிச்சயமாத் தெரியும். ஆனா கால்சியம் பாட்டில் இங்க தீந்துபோச்சு, அரியலூர்ல போய்த்தான் வாங்கணும்."

"எங்க வூட்டுல ஒண்ணு இருக்குங்களே"ன்னேன். தையில மாடு கன்னு போட்டு விழுந்தப்ப ரெண்டு வாங்கி, ஒண்ணு ஏத்துனோம். மிச்சம் ஒண்ணு அடுப்படி மாடத்துல இருக்கு. அந்த அம்மா உடனே ஸ்கூட்டி சாவிய எடுத்தாங்க.

நான் பின்னால ஒக்காந்துக்கிட்டேன். ரோட்டுல சுண்ணாம்புக்கல் ஏத்துன லாரியா எதுக்க வருது. தோண்டுன எடமெல்லாம் சுண்ணாம்புக்கல்லு இருக்கிற சீமை இது. எங்க ஊரு எல்லையிலயே கல்லை எடுத்துட்டு விட்டுட்டுப்போன பெரிய குழி ஒண்ணு தண்ணி தேங்கிக் கெடக்கு. இந்த ஊர்ல ஒரு நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாம உசுரு போவுதாம். மாட்டு நோய் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்ச மனுசன் வூட்டுல, மருந்தை மாடத்துல வச்சுக்கிட்டு, நாங்க கட்டையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

வந்து எறங்கினா கதவு பூட்டுனபடியே இருக்கு. எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா இவரைக் காணோம். "எங்க அவரு?"ன்னு வீரம்மாக்காகிட்ட கேட்டேன்.

"சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போச்சு"ன்னு சொல்லிட்டு அக்கா மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. மஞ்சுவைக் கூப்புட பள்ளிக்கூடம் போயிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கு மேல யோசிக்க நேரமில்ல.

செவலை அதே எடத்துல கெடந்துச்சு. முன்னைவிட மோசம். காலெல்லாம் நீட்டி வெறைச்சுப் போயி, கண்ணு நெலைகுத்தி, ஒடம்பு மட்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. தொட்டா தோசைக்கல்லு சூடு. டாக்டரம்மா கையொறை மாட்டிக்கிட்டு, துணியால வாயைச் சுத்திக் கட்டச் சொன்னாங்க. நான் கட்டுனேன். பாட்டிலை எடுத்தாந்து குடுத்தேன். அதுலேர்ந்து கொஞ்சமா எடுத்து வேற தண்ணிமருந்தோட கலந்து, முன்னங்கால் நரம்புல ஊசியை ஏத்துனாங்க. காதுல கொழாயை மாட்டிக்கிட்டு நெஞ்சைக் கேட்டுக்கிட்டே ரொம்ப மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி ஏத்துனாங்க. "வேகமாப் போனா நெஞ்சு நின்னுடும். அசையாமப் புடிங்க"ன்னாங்க. நான் தலையை மடியில வச்சுப் புடிச்சுக்கிட்டேன். கதவுகிட்ட கண்ணையண்ணனும் மத்தவங்களும் கட்டையோட நிக்கிறாங்க.

மொதல்ல தாடை எளகுச்சு. என் உள்ளங்கையிலயே அது தெரிஞ்சுச்சு. கடகடன்னு அடிச்சுக்கிட்டிருந்த பல்லு நின்னுச்சு. அப்பறம் முன்னங்கால் மடங்குச்சு. அப்பறம் பின்னங்கால். மூச்சு எரைக்கிறது கொறைஞ்சு, ஒரு தடவை நீளமா மூச்சை விட்டுச்சு. மாடு கன்னு போட்டு முடிச்சதும் விடுமே, அந்த மாதிரி. டாக்டரம்மா ஊசியை எடுத்துட்டு, வாய்க்கட்டை அவுக்கச் சொன்னாங்க. அவுத்தேன். எந்திரிச்சு நின்னுச்சு. தள்ளாடிக்கிட்டே ரெண்டு எட்டு வச்சு, மூலையில போயி மூத்திரம் பேஞ்சுச்சு. வெந்நிச்சட்டியில வாயை வச்சு தண்ணியைச் சளப்சளப்னு குடிச்சுச்சு.

நான் எத்தனையோ பாத்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. சாவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்து தண்ணி குடிக்குது. கதவுகிட்ட நின்னவங்க எல்லாம் அப்படியே கல்லாட்டம் நிக்கிறாங்க. கண்ணையண்ணன் கட்டையைச் செவுத்துல சாத்திட்டாரு.

"வெறியா இருந்தா இந்த மருந்துக்கு எந்திரிக்காது. பாலுக்கும் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க"ன்னாங்க டாக்டரம்மா. அப்பறம் என்னைப் பாத்து, "குட்டிங்களை இன்னிக்கும் நாளைக்கும் தாய்ப்பால் குடிக்க விடாதீங்கம்மா. மாட்டுப்பாலைத் தட்டுல ஊத்துங்க, இந்த வயசுக்கு நக்கிக் குடிச்சுடும். கொண்டாங்க, அதுங்களையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்"னாங்க.

நான் வெளிய வந்து வேப்பமரத்தடியைப் பாத்தேன். கூடை சாஞ்சு கெடக்கு. உள்ள ஒண்ணும் இல்ல.

எனக்கு முன்னாடி செவலை அங்க போயிருந்துச்சு. கூடைக்குள்ள தலையை விட்டு மோந்துச்சு. சுத்திச் சுத்தி வந்துச்சு. தரையில மூக்கை வச்சுக்கிட்டே நடந்து, கூட்டம் வெலகி வழிவிட, நேரா வாசலுக்குப் போச்சு. அங்க இவரு நிக்கிறாரு. எப்ப வந்தாருன்னு தெரியல, சைக்கிளைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறாரு. செவலை முன்னங்கால் ரெண்டையும் தூக்கி சைக்கிள் கேரியர் மேல வச்சுச்சு. அந்தக் கம்பியை ஒவ்வொண்ணா மோந்துச்சு. அதுல ஒட்டிக்கிட்டிருந்த சாக்கு நூலை நக்குச்சு. அப்பறம் அவரு கையை மோந்துட்டு, அவரு மொகத்தை அண்ணாந்து பாத்து முனகுச்சு.

யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கல.

"எங்க?"ன்னு மட்டும் கேட்டேன்.

"பெரிய குழியில"ன்னாரு.

"தண்ணியிலயா?"

"சாக்குல கல்லை வச்சுக் கட்டிட்டேன் இருசு."

டாக்டரம்மா பையை மூடிக்கிட்டிருந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. வீரம்மாக்கா முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. கண்ணையண்ணன்தான் தரையைப் பாத்துக்கிட்டே பேசுனாரு. "நாங்க எல்லாருந்தாம்மா சொன்னோம். தாயைப் பூட்டி வச்சுட்டுப் போயிட்ட. அந்தப் பாலைக் குடிச்ச குட்டிங்க வெளிய கெடக்குதே, சாயந்தரம் ஒம் மவ வந்தா மடியில தூக்கி வச்சுக்குவாளேன்னோம். அதுக்குத்தான்..."

எனக்குக் கோவம் வரும்னு எல்லாரும் பாத்தாங்க. வரல. கதவைப் பூட்டுனேன், சாவியை இடுப்புல சொருகுனேன், எல்லாத்தையும் காப்பாத்திட்டேன்னு நெனச்சு பஸ் ஏறுனேன். கூடையை யாரு தொடுவான்னு எனக்குத் தோணவே இல்ல. அதுவும் கொடியை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுன கையி, சாக்குல கல்லை வச்சுக் கட்டும்னு எனக்கு எப்படித் தோணும்? வாயைத் தொறந்தேன், சத்தமே வரல. என் வாழ்க்கையில வாய் அடைச்சுப் போனது அது ரெண்டாவது தடவை.

குழிக்கு நான் மட்டும் போனேன். பச்சைத் தண்ணி. மேல ஒரு குமிழிகூட இல்ல. கரையில அவரு செருப்புத் தடமும் சைக்கிள் தடமும் இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன். சாயந்தரம் சொசைட்டியில எங்க பாலை வாங்கிக்கிட்டாங்க.

மஞ்சு வந்து பையைக் கடாசிட்டுக் கொட்டகைக்கு ஓடுனா. திரும்பி வந்து, "அம்மா, குட்டிங்க எங்க?"ன்னா. நான் சொல்லல. ஏன் சொல்லணும்? "அப்பாகிட்ட கேளு"ன்னேன். அவரு அவளை ஒக்கார வச்சு, ஒண்ணையும் மறைக்காம சொன்னாரு. பொய் சொல்லியிருந்தா நானே எழுந்து போயி சொல்லியிருப்பேன், ஆனா சொல்லல, உள்ளதைத்தான் சொன்னாரு. அந்தப் புள்ளை அழக்கூட இல்ல. அவரைப் பாத்துக்கிட்டே பின்பக்கமாவே நடந்துபோயி, செவலைகிட்ட படுத்துக்கிச்சு.

செவலை சைக்கிளை விடல. சைக்கிள் எங்க நின்னாலும் அதுக்குக் கீழதான் கெடக்கும். கேரியரை மோந்து பாக்கும், அவரு வந்தா எந்திரிச்சு அவரு கையை மோந்து பாக்கும், வாலை ஆட்டும், முனகும். எங்க வச்சிருக்க, குடுத்துடுன்னு கேக்கிற மாதிரிதான் இருக்கும். அவரு சைக்கிளைத் தொடறதையே விட்டுட்டாரு. கேனைத் தலையில வச்சுக்கிட்டு சொசைட்டிக்கு நடந்தே போனாரு. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. சோறு போடுவேன், திம்பாரு.

டாக்டரம்மா மறுநாளும் வந்து ஊசி போட்டுட்டு, குடிக்கிற மருந்து குடுத்துட்டுப் போனாங்க. "குட்டிங்க இல்லாததால மடி கட்டிக்கும். பீச்சி விடாதீங்க, பீச்சுனா இன்னும் ஊறும். அதுவா வத்தணும். கொஞ்சம் வலிக்கும், பாவம்"னாங்க. அதே மாதிரி கட்டிக்கிச்சு. ஆறு குட்டிக்கு ஊறுன பாலு. மடி கல்லு மாதிரி ஆயி, செவந்து, தொட்டா சுட்டுச்சு. படுக்க முடியாம நிக்கும், நிக்க முடியாம படுக்கும். காம்புலேர்ந்து பால் தானா சொட்டி மண்ணுல விழும்.

அந்த வலி எனக்குத் தெரியும். பையனைப் பொதைச்சுட்டு வந்த மறுநாள் எனக்கும் அப்படித்தான் ஆச்சு. குடிக்க வாயில்ல, பாலுக்கு அது தெரியல. ரவிக்கை நனைஞ்சு நனைஞ்சு காயும். காய்ச்சல் அடிச்சுச்சு. அப்ப ஒரு வார்த்தை பேசாம கெடந்தேன், அதுதான் மொத தடவை வாய் அடைச்சது. வீரம்மாக்காதான் வந்து, "மல்லிப்பூ வச்சுக் கட்டுனா பால் வத்தும்டி"ன்னு மார்ல பூவை வச்சு, பழைய சீலைத்துணியால இறுக்கிக் கட்டிவிட்டாங்க. பூவை வாங்கியாந்தது இவருதான். திருமானூர் போயி, ஈரத்துணியில சுத்தி எடுத்தாந்து, உள்ள வரத் தைரியம் இல்லாம வாசப்படியில வச்சுட்டுப் போனாரு. பூ வாடுனதும் எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. அதுலேர்ந்து நான் தலையில மல்லி வச்சதே இல்ல. அந்த வாசனை ஆவறதில்ல. அவருக்கும் அது தெரியும், பூக்காரி வந்தா கனகாம்பரம்தான் வாங்கித் தருவாரு.

செவலைக்கு மடி கட்டுன மறுநாள் மத்தியானம் நான் கொட்டகையில அதுகிட்ட ஒக்காந்திருக்கேன். மல்லி வாசனை வந்துச்சு. திரும்பிப் பாத்தா வாசப்படியில ஈரத்துணி மூட்டை. அதுக்கு அந்தாண்ட அவரு நிக்கிறாரு, உள்ள வராம. வேர்த்து ஊத்துது. திருமானூர் வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு.

நான் எந்திரிச்சுப் போயி என் பழைய சீலையைக் கிழிச்சேன். மூட்டையை அவுத்து, பூவை உதிர்த்துத் துணியில பரப்புனேன். ஒத்தையா எப்படிக் கட்டுறது? வயித்தைச் சுத்தித் துணியைக் கொண்டுவரணும்னா ஒருத்தர் புடிக்கணும்.

"வந்து புடிங்க"ன்னேன். அன்னிலேர்ந்து அவருகிட்ட நான் பேசுன மொத வார்த்தை அதுதான்.

வந்து மண்டி போட்டாரு. செவலை அசையல. அவரு அதோட முன்னங்காலைத் தூக்கிப் புடிக்க, நான் மடியில பூ படுற மாதிரி துணியைச் சுத்துனேன். சூடு பூவைத் தாண்டி என் வெரல்ல ஏறுச்சு. செவலை கழுத்தை வளைச்சு அவரு கையை மோந்துச்சு. மோந்துட்டு நக்க ஆரம்பிச்சுச்சு. குட்டி போட்டதும் ஒவ்வொரு குட்டியா நக்குச்சே, அதே மாதிரி, வெரல் வெரலா, இடுக்கு இடுக்கா நக்குச்சு. அவரு கையை இழுத்துக்கல. இழுத்துக்கிட்டா காலு நழுவிடும். தலையைக் குனிஞ்சு அழுதாரு. கண்ணீரைத் தொடைக்கக் கையில்ல.

நான் அழாதீங்கன்னு சொல்லல. முதுகுல முடிச்சை இறுக்கிப் போட்டுட்டு, "நாளைக்கு இது வாடிடும். புதுசு வாங்கிட்டு வாங்க"ன்னு சொன்னேன்.